நாயகி யார் என்று கேட்டீர்களே

கேள்வி: காதல், லட்சியம், புகழ் எல்லாம் கலந்த, அதிகம் பேர் அறியாத பழைய படம் ஒன்றைச் சொல்லுங்கள். நாயகி யார் என்பதையும் எழுதுங்கள்.
- வாசகர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: நாயகியிலிருந்தே தொடங்குகிறேன். பி.கே.ரோசி. படம் ‘விகதகுமாரன்’, மலையாளத்தின் முதல் மௌனப்படம், 1930ஐ ஒட்டி வந்தது. எடுத்தவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரம் ஊர்க்காரர் ஜே.சி.டேனியல். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற பகுதியில் ஸ்டுடியோ வைத்தார். இயக்கம் அவர், நாயகனும் அவரே. பணக்கார வீட்டுப் பையனை இலங்கைக்குக் கடத்திப் போகிற கதை. அவன் தங்கை சரோஜினியோடு நாயகனுக்குக் காதல். லட்சியம் டேனியலுடையது. புகழ்? அதற்குத்தான் வருகிறேன்.

ரோசி தலித் பெண். காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் நடித்துப் பழகியவர். கதையில் வரும் சரோஜினியோ, மேல்சாதியாகக் கருதப்பட்ட நாயர் குடும்பத்துப் பெண். அந்த வேஷத்தில் இவர் திரையில் தெரிந்ததும் கூட்டம் கல்லெறிந்து திரையைக் கிழித்தது. தான் நடித்த படத்தைப் பார்க்க நாயகியைத் தியேட்டருக்குள் விடவில்லை. குடிசையையும் எரித்தார்கள். இரவோடு இரவாக லாரியில் ஏறி வந்தார். எங்கே தெரியுமா? நாகர்கோவிலுக்கு. லாரி டிரைவரையே திருமணம் செய்துகொண்டு, சினிமாப் பேச்சே எடுக்காமல் இங்கேயே வாழ்ந்து முடித்தார்.

கலைவாணர் பிறந்த ஒழுகினசேரியைச் சொல்லாத மேடை நம் மாவட்டத்தில் இல்லை. சொல்லட்டும், வேண்டியதுதான். ரோசியின் பெயரை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறீர்கள்? இதை நான் எழுதும்போதெல்லாம், “அது மலையாளப் படம், நமக்கென்ன” என்று கடிதம் வரும். அகஸ்தீஸ்வரம் எந்த நாட்டில் இருக்கிறது, ஐயா? 1956இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை மாறியது, மனிதர்கள் மாறவில்லை. கடன்பட்டுப்போன டேனியல் பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். வயதான காலத்தில் உதவித்தொகை கேட்டபோது, உங்கள் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று கேரளம் கைவிரித்தது. 1975இல் இறந்தார். 1992இல் அதே கேரளம் அவர் பெயரில் விருது வைத்தது. நாம் எதுவும் வைக்கவில்லை.

படத்தைப் பார்க்க முடியாது. பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்தியாவில் எடுத்த மௌனப்படங்கள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் மிகச் சிலவே இன்று இருக்கின்றன. அதனால் மார்த்தாண்டத்து நண்பரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெட்டியில் பழைய சினிமா நோட்டீசோ பாட்டுப் புத்தகமோ இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், தபால் செலவை நான் தருகிறேன்.

அப்புறம், நாகர்கோவிலில் ஒரு தெருவுக்காவது ரோசியின் பெயரை வைக்க வேண்டும். வைக்கும் வரை இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருப்பேன்.