சூத்திரப்படி வெட்டிய 433 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆன்டெனா ஏன் சொன்னபடி வேலை செய்வதில்லை?

நீங்கள் கேட்ட கேள்வியில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. டைபோலுக்கு (நடுவில் கேபிள் சேரும், இரு கைகள் கொண்ட கம்பி ஆன்டெனா) 34.5 செ.மீ. (அரை அலைநீளம்) கம்பி வெட்டியும் ஒத்ததிர்வு (ஆன்டெனா இயல்பாக இசைந்து அதிரும் அலைவரிசை) 433.92-இல் வராமல் 412 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது. கேபிளைக் கையால் பிடித்தால் வி.என்.ஏ. (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையை அளக்கும் கருவி) திரையில் வளைவு நகர்கிறது. 10 டிபிஎம் (டெசிபெல் கணக்கில் சொல்லும் திறன், இங்கே 10 மில்லிவாட்) டிரான்ஸ்மிட்டருக்கும் −95 டிபிஎம் வரை கேட்கும் ரிசீவருக்கும் கணக்கில் 16 கி.மீ. வந்தது, மைதானத்தில் 800 மீட்டரோடு நின்றுவிட்டது. நீங்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. சூத்திரத்துக்குக் கம்பியின் தடிமனும் தெரியாது, கேபிளும் தெரியாது, தரையும் தெரியாது. அவ்வளவுதான்.

முதலில் நீளம். மெல்லிய டைபோல் மிகச் சரியாக அரை அலைநீளம் இருந்தால் அதன் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் மொத்த எதிர்ப்பு) 73 + ஜெ42.5 ஓம். ‘ஜெ’ போட்ட அந்த 42.5 ஓம் இண்டக்டிவ் (சுருள் போல நடக்கும்) பகுதி மறைய வேண்டுமானால் கம்பியைக் குறைத்தே ஆக வேண்டும். 2 மி.மீ. செம்புக் கம்பிக்கு ஏறக்குறைய 5 சதவீதம் குறைக்க வேண்டும்: மொத்தம் 32.8 செ.மீ., கைக்கு 16.4 செ.மீ. கம்பி தடிமனாக இருந்தால் இன்னும் குறையும், பிவிசி உறையை உரிக்காமல் விட்டாலும் அப்படியே.

இந்த 16.4-ஐ எங்கிருந்து அளக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோஆக்சியல் கேபிளின் முனையில் வெளிப்பின்னலைப் பிரித்து, முறுக்கி, சால்டர் வைக்கிறோம் அல்லவா? அந்த 1 செ.மீ. வாலும் ஆன்டெனாவின் கைதான். இந்த அலைவரிசையில் அது ஒரு கையின் நீளத்தில் 6 சதவீதம். ஆகவே வால் பிரியும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். 17 செ.மீ. வைத்துத் தொடங்கி, இரு கையிலும் சமமாக 2 மி.மீ. 2 மி.மீ. ஆகக் கத்தரியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒத்ததிர்வு சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும்.

ஒத்ததிர்வு சரியாக வந்த பிறகும் வி.என்.ஏ. வளைவின் பள்ளம் (திரும்பி வரும் திறன் மிகக் குறையும் இடம்) −15 டெசிபெல்லுக்குக் கீழே போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 73 ஓமை 50 ஓம் கேபிளில் கொடுத்தால் கிடைப்பதே −14.6 டெசிபெல். திரும்பி வருவது 3.5 சதவீதத் திறன்தான். −30 வேண்டும் என்று மாட்ச்சிங் சர்க்யூட் (இம்பிடன்ஸைப் பொருத்தும் சுற்று) தேடுவது வீண் வேலை என்பேன். இரு கைகளையும் வளைத்து இடைக்கோணத்தை 120 பாகையாக்கினாலே 50 ஓமுக்கு அருகில் வந்துவிடும். அழகான பள்ளத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது: 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினாலும் அருமையான பள்ளம் வரும், ஒரு துளி அலையும் வெளியேறாது. 3 டெசிபெல் இழப்புள்ள நீளக் கேபிளில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தம் எவ்வளவு மோசம் என்பதைக் காட்டும் எண், 1 என்றால் சரியான பொருத்தம்) 3 என்றுதான் காட்டும். அதனால் கேலிப்ரேஷனை (அளக்கும் முன் கருவியைச் சரிசெய்வதை) வி.என்.ஏ. வாயில் செய்யாமல், கேபிளின் மறுமுனையில் செய்யுங்கள்.

இரண்டாவது, கை பட்டால் நகரும் வளைவு. கேபிள் மூன்றாவது கையாக மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. பின்னலின் உட்புறத்தில் வரும் மின்னோட்டம் முனையை அடைந்ததும் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பகுதி ஆன்டெனா கைக்குப் போகிறது, மீதி பின்னலின் வெளிப்புறம் வழியாகவே திரும்பி ஓடுகிறது. கேபிளும் கதிர்வீசுவதால் ரேடியேஷன் பேட்டர்ன் (அலை எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்ற வடிவம்) கோணலாகும், கேபிளின் நீளம் மாறினால் அளவீடும் மாறும்.

இதற்குச் சுலபமான பேலன் (வெளிப்புற மின்னோட்டத்தைத் தடுத்து இரு கைகளையும் சமன்செய்யும் அமைப்பு) 17 செ.மீ. செம்புக் கம்பி ஒன்றுதான். அதைக் கேபிளுக்கு இணையாக 1 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். மேல்முனையை, நடுக்கம்பி சேர்ந்திருக்கும் கையின் அடியில் சால்டர் செய்யுங்கள். கீழ்முனைக்கு நேரே கேபிளின் உறையைச் சுரண்டிப் பின்னலில் சேருங்கள். கால் அலைநீளத்தில் ஷார்ட் ஆன இந்த ஜோடி, மேலே உயர்ந்த இம்பிடன்ஸாகத் தெரியும், இரு கைகளும் சமநிலைக்கு வரும். ஃபெரைட் மணி (கேபிளில் கோர்க்கும் காந்தப்பொருள் வளையம்) கோர்ப்பதானால் 61 என்ற எண்ணுள்ள கலவை வகையாக இருக்கட்டும். 31, 43 வகைகள் 300 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வேலைக்கு உரியவை. எப்படிச் செய்தாலும் கேபிளைக் கைகளுக்குச் செங்குத்தாகக் குறைந்தது கால் அலைநீளமாவது இழுத்துச் செல்ல வேண்டும். செய்து முடித்ததும் மறுபடி கேபிளைப் பிடித்துப் பாருங்கள், வளைவு அசையக் கூடாது.

மூன்றாவது, தூரம். 16 கி.மீ. என்பது ஃப்ரீஸ் சமன்பாடு (தூரத்துக்கு ஏற்ப ரிசீவருக்கு வரும் திறனைக் கணக்கிடும் சூத்திரம்) வெற்றுவெளிக்குத் தரும் விடை. தரைக்கு மேலே நேர் அலையோடு தரையில் பட்டுத் தெறித்த அலையும் ரிசீவருக்கு வந்து சேர்கிறது. தாழ்கோணத்தில் தெறிக்கும்போது கட்டம் 180 பாகை புரள்வதால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கப் பார்க்கும். 4 × உயரம்1 × உயரம்2 ÷ அலைநீளம் என்ற தூரத்தைத் தாண்டினால் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6-க்குப் பதில் 12 டெசிபெல் போகும். இரு ஆன்டெனாவும் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த எல்லை வெறும் 13 மீட்டர்! 1 கி.மீ. தூரத்தில் வெற்றுவெளி இழப்பு 85 டெசிபெல், இரு அலைக் கணக்கில் 113. இந்தக் கணக்கில் உங்கள் தூரம் ஏறக்குறைய 810 மீட்டர் வருகிறது, மைதானத்தில் கண்டதும் அதுவே.

டிரான்ஸ்மிட்டர் திறனைக் கூட்டும் முன் கம்பத்தை உயர்த்துங்கள். இரு முனைகளையும் 3 மீட்டருக்கு ஏற்றினால் 12 டெசிபெல் கிடைக்கும், அதாவது 16 மடங்கு திறனுக்குச் சமம், எட்டும் தூரமும் 1.6 கி.மீ. ஆகும். அதே இடத்தில் நின்று ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஆர்.எஸ்.எஸ்.ஐ. (ரிசீவர் காட்டும் சிக்னல் வலிமை) அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 12-க்கு வெகுவாகக் குறைந்தால், இடையில் மரமோ கட்டடமோ மறைக்கிறதா, ஓர் ஆன்டெனா செங்குத்தாகவும் மற்றது கிடையாகவும் நிற்கிறதா என்று பாருங்கள்.