அல்புமின் குறைந்தால் ஆயுள் குறைவு என்று அர்த்தமா?

கேள்வி: அம்மாவுக்கு மகரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. வெள்ளவத்தை லாப் ரிப்போர்ட்டில் அல்புமின் 29, சிஆர்பி 24. இதை வைத்து எவ்வளவு காலம் இருப்பார் என்று சொல்ல முடியுமா?

முடியாது. அந்த இலக்கங்களுக்கு அர்த்தம் இருக்கிறது, ஆனால் அம்மாவின் நாட்களை அவை எண்ணிச் சொல்லாது.

அல்புமின் என்பது ஈரல் உருவாக்கும் ஒரு இரத்தப் புரதம். அது குறைவதைச் சாப்பாட்டுக் குறைவு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உடலில் அழற்சி (தொற்று, புற்றுநோய் போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை) இருக்கும்போது ஈரல் அல்புமினைக் குறைத்து, சிஆர்பி போன்ற புரதங்களைக் கூட்டும். அதனால்தான் புற்றுநோயின் போக்கைக் கணிக்க 0, 1, 2 என்று கொடுக்கும் திருத்தப்பட்ட கிளாஸ்கோ கணிப்பு மதிப்பெண்ணில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிஆர்பி 10 மில்லிகிராமுக்கு மேலே போனால் 1. அத்துடன் அல்புமினும் 35 கிராமுக்குக் கீழே இருந்தால் 2 (இரண்டும் ஒரு லீட்டருக்கு). அல்புமின் மட்டும் குறைந்திருந்தால் 0தான்! அம்மாவுக்கு 2 வருகிறது. இந்த மதிப்பெண் உள்ளவர்கள், ஒரு கூட்டமாகப் பார்க்கும்போது, குறைவான காலமே வாழ்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நோயின் வகை, நிலை, சிகிச்சைக்கு உடல் எப்படி ஒத்துழைக்கிறது என்பதெல்லாம் இதில் இல்லை. சாதாரண நெஞ்சுச் சளித் தொற்றுகூட சிஆர்பியைக் கூட்டிவிடும்.

ரிப்போர்ட்டுகளில் பார்க்கும் நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதமும் (இருவகை வெள்ளை இரத்த அணுக்களின் விகிதம்) அப்படித்தான், ஸ்டீரொய்ட் கொடுத்தாலே ஏறும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? சேலைன் போல அல்புமின் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், அது போஷாக்கைச் சரிசெய்யாது. வாரம் ஒருமுறை அம்மாவின் நிறையைப் பார்த்து எழுதுங்கள். வெறும் கஞ்சியோடு விடாமல் முட்டை, மீன், பருப்பு சேருங்கள். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: தொற்று ஏதும் இருக்கிறதா, போஷாக்கு ஆலோசகரைப் பார்க்கலாமா.