அப்பா படைப்பணியில், வீட்டில் சின்னப் பிள்ளைகள்: கேள்வி பதில்

என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாத வயதிலேயே மாதக்கணக்கில் பணிக்குப் போய்வந்தவர். நான் மழலையர் பள்ளி ஆசிரியை. இரண்டும் சேர்ந்ததால்தான் இத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, அவர் கிளம்பி ஒரு வாரம்தான் ஆகிறது. இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. பெரியவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு இரண்டு. காலையிலிருந்து ராத்திரி வரை இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஒன்பது மாதத்தை இப்போது நினைக்காதீர்கள். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை என்ன செய்வது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். பல வீடுகளில் தாங்கமுடியாத நேரம் அதுதான். அப்பா வேலை முடிந்து வரும் நேரம் என்பது பிள்ளைகளுக்குப் பழகியிருக்கிறது. வாசலில் சத்தம் கேட்டதும் ஓடுகிறார்கள். அப்பா இல்லை. உடனே பொம்மையைப் பிடுங்குவது, கடிப்பது, அழுகை.

அந்த நேரத்தில் உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னால் நடக்காது. தண்ணீர் வையுங்கள். அகலமான பாத்திரத்தில் கால்வாசி தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி, ஒரு பழைய துணி. சின்னவள் ஊற்றுவாள், கொட்டுவாள், மறுபடி ஊற்றுவாள். டம்ளர் வழிகிற இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பாள். பெரியவன் துணியை முறுக்கிப் பிழிந்து தரையைத் துடைப்பான். அரை மணி நேரம் போவதே தெரியாது. ஆனால் தண்ணீர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நீங்கள் பக்கத்தைவிட்டு எழுந்து போகக்கூடாது. தண்ணீர் முடியாத நாளில் தலையணைகளைத் தரையில் வரிசையாகப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவச் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் கொடுத்த வழிகாட்டுதல்படி, ஒன்றிலிருந்து நாலு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளில் குறைந்தது 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும். மூன்று, நாலு வயதினருக்கு அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படியான ஆட்டமாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே தடவையில் இல்லை, நாள் முழுக்கப் பிரித்துத்தான். அதனால் காலையில் ஒரு தரம் எப்படியாவது வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். தெருமுனை வரை நடந்து திரும்பினால்கூடப் போதும்.

மற்றபடி மணிக்கு மணி அட்டவணை போடாதீர்கள். எழும் நேரம், வெளியே போகும் நேரம், சாயங்கால ஆட்டம், தூங்க வைக்கும் முறை, இந்த நாலு மட்டும் மாறாமல் இருக்கட்டும். இடையில் கொஞ்சம் சும்மா இருக்கட்டும். அவர் இல்லாதது தெரியாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நிமிடத்தையும் நிரப்பப் பார்க்கிற அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களும் களைத்துப்போகிறார்கள், பிள்ளைக்கும் "அப்பா எங்கே" என்று கேட்க இடமில்லாமல் போகிறது. அப்பாவை மறக்க வைக்க விளையாட்டைத் தேடாதீர்கள். விளையாட்டுக்குள்ளேயே அப்பாவுக்கு ஓர் இடம் கொடுங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கும் நான் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

கேள்வி: காகிதச் சங்கிலி செய்து மாட்டி, தினமும் ஒரு வளையத்தைக் கிழித்தால் அப்பா வர எத்தனை நாள் என்று பிள்ளைக்குத் தெரியும் என்கிறார்கள். என் மகனுக்கு மூன்றரை வயது. செய்யலாமா?

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குச் சரி. மூன்றரை வயதில் "நாளைக்கு" என்பதே குழப்பம், இருநூறு வளையம் அவனுக்கு ஒன்றும் சொல்லாது. அதைவிட எனக்கு இருக்கும் பெரிய பயம், தேதி தள்ளிப்போவது. படைப்பணியில் அது சாதாரணம். கடைசி வளையத்தைக் கிழித்த பிறகும் அப்பா வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

வளரும் சங்கிலி செய்யுங்கள். தினமும் தூங்கப்போகும் முன் ஒரு துண்டுக் காகிதம். அன்றைக்கு நடந்ததில் அப்பாவுக்குச் சொல்லவேண்டியது ஒன்று. அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், திருத்தாமல், அவன் வார்த்தையிலேயே. "நத்தை பாத்தேன். தொட்டேன். தலைய உள்ள இழுத்துக்கிச்சு." பின்பக்கம் அவன் கிறுக்கட்டும். வளையமாக ஒட்டி மாட்டிவிடுங்கள். தேதி தள்ளினால் சங்கிலி இன்னும் நீளும், யாரும் ஏமாறமாட்டார்கள். அப்பா வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பது அவர்கள் இரண்டு பேருடைய வேலை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் இருக்கும் இடம், படைப்பிரிவின் பெயர், திரும்பும் தேதி, இவற்றைப் படத்தோடு பொதுவில் போடாதீர்கள். சின்னப் பிள்ளைக்குச் சரியான தேதி தெரியவும் வேண்டாம். விளையாட்டு மைதானத்தில் யார் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

கேள்வி: வாரத்தில் ஒருநாள்தான் வீடியோ அழைப்பு கிடைக்கிறது. மூன்று வயது மகள் அப்பா முகத்தைப் பார்த்ததும் ஓடி ஒளிகிறாள். அவர் மனசு உடைந்துபோகிறார். என்ன செய்ய?

மகளுக்கு அப்பாமேல் பாசம் குறைந்துவிடவில்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். "என்னம்மா சாப்பிட்டே, சமத்தா இருக்கியா" என்ற கேள்விகளுக்கு மூன்று வயதில் பதில் சொல்லத் தெரியாது. முகத்தைத் தொட முடியாத அப்பாவைப் பார்ப்பதும் கஷ்டம். பேச்சை விட்டுவிட்டு விளையாட்டைக் கொண்டுவாருங்கள். அவள் போர்வைக்குள் ஒளியட்டும், நீங்கள் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடங்கள், அப்பா தேடட்டும். "கதவுக்குப் பின்னாடியா? இல்லையே! மேஜைக்கு அடியிலா?" ஓடி ஒளிவதுதானே அவளுக்குப் பிடித்திருக்கிறது, அதையே ஆட்டமாக்கிவிடுங்கள். அல்லது அப்பா ஒரு காகிதத்தில் மெதுவாக ஒன்றை வரைய, அவள் என்னவென்று கண்டுபிடிக்கட்டும். ஐந்து நிமிடம் ஆனதும் போய்விட்டாளா, விட்டுவிடுங்கள். அவள் பக்கத்தில் விளையாடுவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு சந்திப்புதான்.

இணைப்பு பாதியில் அறுந்துபோகும். "போன் நின்னுபோச்சு, அப்பா போகல, அடுத்த தடவை பேசுவார்" என்று அந்த நொடியே சொல்லுங்கள். நாம் சும்மா இருந்தால் அப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டதாக நினைக்கும் வயது.

கேள்வி: எங்கள் வீட்டில் அழைப்பே வராது. அவர் நீர்மூழ்கிக் கப்பலில். வாரக்கணக்கில் தொடர்பு இருக்காது. அடுத்த மாதம் கிளம்புகிறார்.

இன்னும் கிளம்பவில்லை என்பது நல்லது. இப்போதே அவர் குரலைப் பதிவு செய்துவையுங்கள். அமெரிக்காவில் 1989இலிருந்து இதற்கென்றே ஓர் அமைப்பு நடக்கிறது. படையில் இருக்கும் பெற்றோர் கதைப் புத்தகம் படிப்பதைப் பதிவு செய்து, புத்தகத்தோடு பிள்ளைக்கு அனுப்பிவைக்கிறார்கள். நம் கையில் இருக்கும் போனிலேயே அதைச் செய்யலாம். புத்தகத்தைக் கையில் பிடித்து, பக்கம் திருப்புவதற்கு நேரம் விட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் தும்மினாலும் வெட்டவேண்டாம். தூங்கும்போது சொல்லும் இரண்டு வரி, பல் தேய்க்கச் சொல்லும் ஒரு நிமிடம், காய்ச்சல் வந்தால் கேட்க ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்துவையுங்கள். எல்லாவற்றையும் முதல் வாரமே போட்டுக்காட்டிவிடாதீர்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் கடற்படையில் இருப்பது என் மனைவி. நான்தான் வீட்டில். மகளுக்கு ஒன்றரை வயது. பகலில் நன்றாக விளையாடுகிறாள். ராத்திரி "அம்மா அம்மா" என்று கதவைக் காட்டி அழுகிறாள்.

தம்பி, பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும் வயது இது. ஒரு வயதை ஒட்டித் தொடங்கி ஒன்றரை வயது வரை நன்றாகவே தெரியும். பகலில் விளையாட்டு தாங்கிப்பிடிக்கிறது, இருட்டியதும் முடிவதில்லை. கவனத்தைத் திருப்பப் பார்க்காதீர்கள். "அம்மா வேணுமா, ஆமா, எனக்கும் வேணும். அம்மா கப்பல்ல இருக்கா" என்று சொல்லி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குளியல், உடை, படப் புத்தகம் பார்ப்பது, பாட்டு, விளக்கை அணைப்பது, தினமும் இதே வரிசை. அம்மாவின் படத்துக்கு ஒரு முத்தம் கொடுப்பதையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுங்கள். மனைவி உடுத்திய, துவைக்காத சட்டை ஒன்றை அவள் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் படுக்கையில் மட்டும் அப்படித் துணி எதுவும் வைக்கக்கூடாது.

மனைவி பாடும் பாட்டையே நீங்களும் பாடவேண்டும் என்று கட்டாயமில்லை. அப்பாவுக்கென்று ஒரு பாட்டு இருக்கட்டும். நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் அவள் பார்க்காதபோது நழுவிப்போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டே போங்கள்.

கேள்வி: சமைக்கும் நேரத்துக்குப் போனைக் கொடுத்துவிடுகிறேன். தப்பா?

இல்லை. தனி ஆளாய் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுப்பில் நிற்கிறீர்கள், அவர்கள் பத்திரமாக ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது முக்கியம். இரண்டிலிருந்து நாலு வயதுக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், இரண்டு வயது ஆகும்வரை வேண்டவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்பாவோடு பேசும் வீடியோ அழைப்பை இதில் சேர்க்காதீர்கள். கைக்குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட வீடியோ அழைப்புக்கு விலக்கு கொடுக்கிறது. போனை அழுகைக்கு மருந்தாகக் கொடுக்காமல், சமைக்கும் நேரம் என்று நேரம் குறித்துக் கொடுங்கள். அது போதும்.

கேள்வி: ஐந்து வயது மகன் பொம்மைகளை வைத்து சண்டை ஆட்டம் ஆடுகிறான். நேற்று ஒரு பொம்மையைக் கீழே போட்டு "இது அப்பா, செத்துப்போயிட்டார்" என்றான். எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது.

நடுங்காமல் இருக்குமா? நாம் ராத்திரி கண்ணை மூடினால் வருகிற பயத்தை அவன் பகல் வெளிச்சத்தில் எடுத்துத் தரையில் வைத்துவிட்டான். ஆனால் அவனைத் தடுக்காதீர்கள். அந்த வயதில் யோசிப்பதும் விளையாடுவதும் ஒன்றுதான். "அப்படிச் சொல்லாதே" என்று அதட்டினால் பயம் போகாது, உங்களிடம் காட்டாமல் இருக்கத்தான் கற்றுக்கொள்வான்.

பக்கத்தில் தரையில் உட்காருங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஆம்புலன்ஸ் வரும், டாக்டர் வருவார், அப்பா எழுந்துவிடுவார். எழாவிட்டாலும் ஆட்டத்தின் முடிவை நீங்கள் மாற்றவேண்டாம். ஆட்டம் முடிந்தபின், வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது, "அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு நினைச்சியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் உண்மையைச் சொல்லுங்கள்: அப்பாவின் வேலையில் ஆபத்து இருக்கிறது, அதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறார், கூட இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், உன்னைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்த உறுதி நம் கையில் இல்லை.

வீட்டில் செய்தி ஓடுகிறதா என்று பாருங்கள். பிள்ளை கவனிக்கவில்லை என்று நினைத்துப் பின்னணியில் போட்டு வைத்திருப்போம். அணைத்துவிடுங்கள். போனில் மற்ற மனைவிமாரிடம் பேசுவதும் அவன் காதில் விழும்.

அதே ஆட்டம் வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், மற்ற விளையாட்டுகளில் ஆசையே இல்லாமல் போனால், குழந்தை மனநல நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: நாலு வயதுப் பெண், நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்துவிட்டது.

பிரிவுக்குப் பின் அடிக்கடி நடப்பதுதான். திட்டாதீர்கள், மற்றவர் முன்னால் பேசாதீர்கள், விரிப்பை மாற்றிவிட்டுப் படுக்க வையுங்கள். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அதிக தாகம் இருந்தாலோ, சில வாரங்களில் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கே விளையாடத் தெம்பு இல்லை அக்கா. சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. பிள்ளைகளைப் பார்த்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

தங்கச்சி, உங்களுக்குத் தெம்பு இல்லாததில் ஆச்சரியமே இல்லை. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில் வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி, இருக்கிறாரா இல்லையா என்று முடிவு தெரியாத இழப்பு மனிதரை எப்படி வாட்டும் என்று எழுதினார். உங்கள் கணவர் இருக்கிறார், பேசுகிறார், அந்தக் குடும்பங்களின் நிலை வேறு. ஆனாலும் மனதில் இருக்கிற ஆள் வீட்டில் இல்லை என்ற அந்தப் பாரத்தைத்தான் நீங்களும் தினமும் சுமக்கிறீர்கள்.

நாள் முழுக்க விளையாடவேண்டாம். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம், பிள்ளை சொல்கிற ஆட்டத்தை அவன் சொல்கிறபடி ஆடுங்கள். பிறகு "அம்மா இப்ப துணி மடிக்கப்போறேன்" என்று எழுந்துவிடலாம். வயிறு நிறைய அம்மா கிடைத்த பிள்ளை கொஞ்ச நேரம் தனியாக ஆடும். பொம்மைகளில் பாதியை எடுத்து ஒளித்துவைத்து, இரண்டு வாரம் கழித்து மாற்றிவையுங்கள். பழசெல்லாம் புதுசாகிவிடும். படுத்துக்கொண்டே ஆடும் ஆட்டமும் இருக்கிறது: நீங்கள் நோயாளி, பிள்ளைகள் டாக்டர். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அது.

அதே நிலையில் இருக்கும் இன்னொரு அம்மாவைத் தேடுங்கள். செவ்வாய்க்கிழமை அவர் பிள்ளைகள் உங்கள் வீட்டில், வியாழக்கிழமை உங்கள் பிள்ளைகள் அங்கே. "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்பவரிடம் "பரவாயில்லை" என்று சொல்லாமல், "சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் இவனைப் பார்த்துக்கொள்ள முடியுமா" என்று நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டாலும் பரவாயில்லை. "அப்பாவை நினைச்சேன், அழுகை வந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லிவிடுங்கள். வாரக்கணக்கில் எழவே முடியாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் வந்துவிடுவார். அவர் போனபோது குழந்தைக்கு இரண்டு மாதம், இப்போது பத்து மாதம். வந்ததும் மூன்று வயது மூத்தவனையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போகலாம் என்று திட்டம்.

முதல் வாரம் வேண்டாம். கேத்லீன் வெஸ்டல் லோகன் 1987இல் கடற்படைக் குடும்பங்களைப் பற்றி எழுதியபோது பிரிவின் மனநிலையை ஏழு கட்டங்களாகப் பிரித்தார். கடைசி இரண்டு கட்டங்களும் ஆள் வீட்டுக்கு வந்த பிறகு வருபவை. ஊர்ப்பயணத்தை அதற்குள் திணிக்காதீர்கள்.

பத்து மாதக் குழந்தைக்குப் புது முகம் என்றாலே பயம். அப்பாவைப் பார்த்து அலறலாம். அதை அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். வந்ததும் தூக்கப் போகாமல் தரையில் உட்காரட்டும், கையில் ஒரு பொம்மையை உருட்டட்டும், குழந்தை தவழ்ந்து வரும்வரை காத்திருக்கட்டும். மூத்தவன் அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருப்பான், அல்லது "நீ வேணாம், அம்மாதான் குளிப்பாட்டணும்" என்பான். இரண்டும் நடக்கும். குளிப்பாட்டுவதை நீங்களே செய்யுங்கள், அவர் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். சில நாளில் அவனே அப்பா கையைப் பிடித்து இழுப்பான். ஊருக்குப் போவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.