பதில்: ஆசிரியரின் நோக்கம் கேட்டால் சுருக்கம் எழுதுகிறாள்
வணக்கம். ஏற்காடு பற்றிய பத்தியைக் கொடுத்து ‘ஆசிரியரின் நோக்கம் என்ன’ என்று கேட்டால், பத்தாவது படிக்கும் உங்கள் மகள் பத்தியையே சுருக்கி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறாள் என்றீர்கள். சேலத்தில் டியூஷன் எடுக்கிறேன், முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு இதே தகராறுதான்.

ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதோடு நின்றுவிடுகிறார்கள், படித்துவிட்டு நம்மை என்ன செய்யச் சொல்கிறார் என்று யோசிப்பதில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், இது வெறும் தகவல். ‘ஒவ்வொரு வளைவிலும் ஒரு புதுக் காட்சி’ என்றால் நம்மை வரவழைக்கப் பார்க்கிறார், ‘இறங்கும்போது கியரைக் குறைத்தே வாருங்கள்’ என்றால் எச்சரிக்கிறார். அவளையே இப்படி இரண்டு விதமாக எழுதச் சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும்.

ஆசிரியர் எந்தப் பார்வையில் எழுதுகிறார் என்று கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். யாரை விட்டுவிட்டார் என்று தேட வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்று எழுதுவார்கள், சரிதான். ஆனால் பத்தி முழுக்க துரையும் எஸ்டேட்டும் பங்களாவுமாக இருந்து, அதற்கு முன்பே அங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலைவாழ் மக்கள்) ஒரு வரியில்கூட வரவில்லை என்றால், எழுதியவர் பங்களா வராந்தாவில் நின்று பார்க்கிறார். அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, பிள்ளைகள் உடனே ‘ஒருதலைப்பட்சம்’ என்று எழுதிவிடுவார்கள், அப்படி எழுதக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம், நோக்கத்தைச் சொன்ன கையோடு பத்தியிலிருந்து ஒரு வரியை ஆதாரமாகக் காட்டச் சொல்லுங்கள். கைடில் இருக்கும் ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவதே நோக்கம்’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்ய விடாதீர்கள்.