கோட்டோர் வளைகுடா: படகா, காரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செப்டம்பரில் நானும் மனைவியும் மாண்டினீக்ரோ போகிறோம். கோட்டோர் வளைகுடாவில் ஒரு நாள் படகுப் பயணம், வழியில் ஐந்து தேவாலயங்களில் இறங்கிப் பார்ப்பதாகத் திட்டம். மகன் சிரிக்கிறான். கரையோரமாகவே சாலை போகிறதாம், காரில் பாதி நேரத்தில் முடித்துவிடலாமாம். மூன்றாவது சர்ச்சுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்கிறான். நாங்கள் கிறித்தவர்களும் அல்ல. படகு வீண்செலவா?

எம்.

அன்புள்ள எம்.,

மகன் சொல்வதில் பாதி சரி. ஒரு நாளுக்கு ஐந்து அதிகம், மூன்று இடங்களில் இறங்கினால் போதும். ஆனால் படகை விட்டுவிடாதீர்கள். அங்கே பக்தி, பணம், பயம் மூன்றும் கடல்வழியாக வந்தவை. சாலையில் நின்றால் ஒரு சுவரும் கதவும் தெரியும். தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் கோவிலும் ஊரும் பின்னால் செங்குத்தாக எழும் மலையும் சேர்ந்து தெரியும்.

முதலில் பெரஸ்ட் ஊருக்கு எதிரே உள்ள பாறை மாதா தீவுக்குப் போய்விடுங்கள். எப்படியும் அங்கே கார் போகாது. அது மனிதர்கள் உண்டாக்கிய தீவு. 1452 ஜூலை 22 அன்று கடலில் தலைநீட்டிய ஒரு பாறையில் மாதா படம் கிடைத்தது என்பது ஐதிகம். அதன்பின் ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் கற்களைக் கொட்டியும், பழைய கப்பல்களில் கல் நிரப்பி மூழ்கடித்தும் நிலத்தை எழுப்பினார்கள். இன்றும் ஜூலை 22 மாலையில் படகுகள் வரிசையாகப் போய்க் கல் போடுகின்றன. நீங்கள் போகும் மாதத்தில் அதைப் பார்க்க முடியாது.

உள்ளே டிரிபோ கோகோல்யா வரைந்த 68 ஓவியங்கள் இருக்கின்றன. எனக்கு அவற்றைவிடச் சுவரில் பதித்த வெள்ளித் தகடுகள்தான் முக்கியம். சுமார் 2,500 இருக்கும். புயலில் தத்தளிக்கும் கப்பல், கடற்கொள்ளையரோடு சண்டை என்று ஒவ்வொன்றிலும் ஒருவன் பிழைத்து வந்த கதை. வேளாங்கண்ணியில் கை, கால், வீடு என்று வெள்ளியில் காணிக்கை வைப்பார்களே, அதே மனசு. இதைப் புரிந்துகொள்ள ஞானஸ்நானம் தேவையில்லை. கடலுக்குப் போன காதலனுக்காக 25 ஆண்டுகள் காத்திருந்த பெண் ஒருத்தி, தன் தலைமுடியையும் சேர்த்துத் தைத்த மாதா படமும் அங்கே உண்டு. அதிலுள்ள தேவதைகளின் கூந்தல் நரைத்திருப்பதை வழிகாட்டி காட்டுவார்.

பக்கத்துத் தீவு புனித ஜார்ஜ். இயற்கையான தீவு, பழைய பெனடிக்டைன் துறவியர் மடம், சைப்ரஸ் மரங்கள், கல்லறைகள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, படகிலிருந்தே பார்க்கலாம்.

பெரஸ்ட்டில் புனித நிக்கோலாஸ் கோவிலின் 55 மீட்டர் மணிக்கூண்டு. பக்கத்தில் எழுப்பத் தொடங்கிய பெரிய கோவில் முடியவே இல்லை. காசு இருந்த காலத்தின் ஆசை. நேரம் குறைவென்றால் ப்ர்ச்சான் என்ற கரையோர ஊரை விட்டுவிடலாம். அங்கே உள்ள கோவிலைக் கட்டி முடிக்க நூறாண்டுக்கு மேலாயிற்று, ஆனால் அதன் பிரம்மாண்டம் தண்ணீரிலிருந்தே தெரியும்.

கோட்டோரைக் கடைசியில் வையுங்கள். பெரிய சொகுசுக் கப்பல்கள் நிற்கும் நாட்களில் பகலில் நகரத்துக்குள் நடக்கவே முடியாது. புனித ட்ரிஃபன் பேராலயம் 1166-இல் புனிதப்படுத்தித் திறக்கப்பட்டது. அந்தப் புனிதரின் திருப்பண்டம்கூட (உடலின் எச்சம்) 809-இல் வெனிஸ் வணிகர்களின் கப்பலில் வந்து, புயலுக்கு ஒதுங்கிய இடத்தில் விலைகொடுத்து வாங்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1667 நிலநடுக்கத்துக்குப் பிறகு திரும்ப எழுப்பிய இரட்டைக் கோபுரங்களைக் கவனியுங்கள், ஒன்றுபோல மற்றது இருக்காது. அப்புறம், அங்கிருந்து சற்றுத் தூரத்தில் 1195-இல் கட்டிய சின்னஞ்சிறு புனித லூக்கா கோவில். கத்தோலிக்கருக்கு ஒன்று, ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு ஒன்று என உள்ளே இரண்டு பீடங்கள். ஒன்றுபோலத்தான் இருக்கும் என்ற மகனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

படகுக்காரர் இந்த வளைகுடாவை ஃபியோர்டு என்பார். உண்மையில் இது பனியாறு குடைந்ததல்ல, கடல் ஏறி மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கு. விடுங்கள், அவரோடு வாதம் வேண்டாம். தோளையும் முழங்காலையும் மூடும் உடை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மதியத்துக்குமேல் காற்று எழுந்தால் சின்னப் படகு ஆடும்.