முப்பதாயிரம் பேரும் முப்பது பேரும்

கேள்வி: ஜெர்மனியில் நான்காம் டிவிஷன் (மேலிருந்து நான்காம் படி) கால்பந்து ஆட்டம் ஒன்றுக்கு முப்பதாயிரம் பேர் வந்தார்கள் என்று படித்தேன். ஒரு காலத்தில் பெரிதாக இருந்து விழுந்துபோன இரண்டு கிளப்களாம். விழுந்தவர்களை வேடிக்கை பார்க்க இத்தனை கூட்டமா? அவர்களுக்கு வேறு வேலை வெட்டி இல்லையா? நம் சேலத்தில் சென்ற மாதம் ஒரு லீக் ஆட்டத்துக்குப் போனேன். எண்ணிப் பார்த்தேன், முப்பது பேர். தரம் இருந்தால் கூட்டம் தானாக வரும். நம் பையன்களிடம் தரம் இல்லை என்பது என் கருத்து. ஆசிரியர் என்ன சொல்கிறார்?

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், குகை, சேலம்

பதில்: எண்ணினீர்கள் அல்லவா, அதற்காக முதலில் ஒரு கும்பிடு. எண்ண வேண்டுமானால் போயிருக்க வேண்டும். அந்த முப்பதில் நீங்களும் ஒருவர். தரமில்லாத ஆட்டத்துக்கு நீங்கள் எதற்காகப் போனீர்கள் என்று உங்களையே கேட்டிருந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்திருக்கும். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

நீங்கள் படித்த ஆட்டம் 2015 பிப்ரவரியில் ஆஹன் நகரில் நடந்ததாக இருக்க வேண்டும். அலெமானியா ஆஹனும் ரோட்-வைஸ் எஸ்ஸனும் மோதின. வந்தவர்கள் 30,313 பேர். இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரம், சேலத்திலிருந்து கரூர் போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். எஸ்ஸன் 1955இல் ஜெர்மனியின் சாம்பியன். அதற்கு முந்தைய ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்த ஹெல்முட் ரான், அந்த கிளப்பின் ஆள்தான். ஆஹன், 2004இல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனது. 2006இல் முதல் டிவிஷனுக்கே ஏறியது. பிறகு பெரிய ஸ்டேடியம் கட்டினார்கள், 2009இல் திறந்தார்கள், கடன் கழுத்தை நெரித்தது, 2012இல் திவால் மனு. அடுத்த வருடம் நான்காம் டிவிஷன். அந்தக் கடனில் கட்டிய ஸ்டேடியத்தைத்தான் அன்றைக்கு முப்பதாயிரம் பேர் நிரப்பினார்கள். வட்டி கட்டமுடியாமல் கைவிட்டுப் போன வீட்டில் கல்யாணம் நடத்தியது போல.

இதை ஒரு ஜெர்மன் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸ் 2012க்குள் 54 முறை லீக் சாம்பியன். அந்த ஆண்டு அதை நடத்திய கம்பெனி மூழ்கியது, கிளப்பை நான்காம் டிவிஷனில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஆகஸ்டில் அந்த டிவிஷனில் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம், எதிரி ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர். சில நூறு பேர் முன்னால் ஆடிப் பழகிய சின்ன கிளப். அன்றைக்கு வந்தவர்கள் 49,118 பேர். எதிரணிப் பையன்களில் எத்தனை பேருக்குக் கால் நடுங்கியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

உங்கள் தெருப் பையன்கள் வெளிர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்களே, அந்த மான்செஸ்டர் சிட்டி 1998-99இல் இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷனில் இருந்தது. யார்க் சிட்டியிடம் தோற்றது. அந்த வருடம் அதன் சொந்த மைதானத்துக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 28,000 பேர் வந்தார்கள். தரத்தைத் தேடி வந்தவர்களாக இருந்தால் அதே ஊரில், சில மைல் தள்ளி, மான்செஸ்டர் யுனைடெட் அந்த ஆண்டு மூன்று கோப்பைகளை வாரிக்கொண்டிருந்தது. அங்கே போயிருப்பார்கள்.

ஷெஃபீல்டு கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஊரில் இரண்டு கிளப், வெட்னஸ்டே, யுனைடெட். இரண்டும் முன்னாள் சாம்பியன்கள், இரண்டும் மூன்றாம் டிவிஷனில் வந்து விழுந்திருந்தன. 1979 டிசம்பர் 26. கூட்டம் 49,309. வெட்னஸ்டே 4-0 என்று வென்றது. அந்த ஊரில் பாதிப் பேர் அதை இன்னும் பாட்டாகப் பாடுகிறார்கள், மீதிப் பாதி காதைப் பொத்திக்கொள்கிறார்கள். மேல் டிவிஷனில் ஏதாவது ஒரு ஆட்டத்தை யாராவது நாற்பது வருடம் இப்படி வைத்துக்கொண்டு வஞ்சம் தீர்ப்பார்களா? விழுந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனும் விழுந்து கிடந்தால், சண்டைக்குச் சுவை கூடத்தான் செய்யும்.

ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இங்கிலாந்தின் சண்டர்லேண்ட். ஆறு முறை சாம்பியன், கடைசியாக 1936இல். அது கப்பல் கட்டும் ஊர், நிலக்கரி ஊர். 1988இல் கடைசி கப்பல் பட்டறைகளை மூடினார்கள். 1993இல் வேர்மவுத் சுரங்கத்தையும் மூடினார்கள். அந்தச் சுரங்கம் இருந்த இடத்தின் மேல்தான் 1997இல் ஸ்டேடியம் எழுந்தது. அப்பாவும் தாத்தாவும் எந்த மண்ணுக்கு அடியில் இறங்கி வேலை செய்தார்களோ, அதற்கு மேலே பிள்ளைகள் உட்கார்ந்து கத்துகிறார்கள். அடுத்தடுத்து இரண்டு வருடம் கீழே இறங்கி மூன்றாம் டிவிஷனில் கிடந்தபோது, 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டு சிட்டிக்கு எதிராக 46,039 பேர் வந்தார்கள். பிராட்ஃபோர்டும் ஒரு காலத்தில் முதல் டிவிஷனில் ஆடியதுதான். அந்த ஊரில் பட்டறை போயிற்று, சுரங்கம் போயிற்று, சங்கு ஊதும் நேரம் போயிற்று; சனிக்கிழமை ஆட்டம் மட்டும் மிச்சம். வேலை வெட்டி இல்லாதவர்களா என்று கேட்டீர்கள். நீங்கள் கேலிக்குத்தான் கேட்டீர்கள், ஆனால் வரலாறு ஆமாம் என்று பதில் சொல்கிறது.

இது சேலத்துக்காரருக்கு விளங்காத கதையா? ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பாருங்கள். உள்ளே ஸ்டுடியோ இல்லை, விளக்கு இல்லை, நடிகர் இல்லை. ஆனாலும் அதன் முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாமல் எத்தனை பேர் போகிறார்கள்?

சரி, குகைக்கே வருகிறேன். ஆடி மாதம் உங்கள் ஊரில் வண்டி வேடிக்கை நடக்கிறது. லாரியிலும் டிராக்டரிலும் சாமி வேடம் கட்டிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். சில வருடம் வேடம் பிரமாதம், சில வருடம் முருகனின் மயில் ஒரு பக்கம் சாய்ந்தே வருகிறது. இந்த வருடம் தரம் போதவில்லை, அம்மாப்பேட்டையில் நன்றாக இருக்கிறதாம், அங்கே போகிறேன் என்று குகைக்காரர் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொன்னால் வீட்டுக்குள் விடுவார்களா? அடுத்த ஆடியும் அதே தெருவில் அதே இரவில் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கூப்பிடாவிட்டாலும் கூட்டம் வருகிறது.

இன்னொரு உதாரணம். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய கிரிக்கெட் வீரர் நடராஜனைச் சின்னப்பம்பட்டியில் சாரட் வண்டியில் வைத்து ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அது தரத்துக்கு வந்த கூட்டம்தானே என்பீர்கள். அதே அணியில் அவரைவிடப் பெயர் பெற்றவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் யாருக்காகவும் சின்னப்பம்பட்டி தெருவில் வந்து நிற்கவில்லை.

கால்பந்துக்கு நாம் செய்தது என்ன? ஒரு பெயரை ஓர் ஊரோடு முப்பது வருடம் சேர்ந்து இருக்க விட்டதில்லை. நம் பழைய நல்ல அணிகள் பலவும் பேங்க் அணி, ரயில்வே அணி, போலீஸ் அணி. ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கிடைத்தது, அதில் தவறில்லை. ஆனால் எந்தத் தெருப் பையன் ஒரு பேங்குக்காகத் தொண்டை கிழியக் கத்துவான்? பிறகு கிளப் என்று வந்தது. சென்னை சிட்டி 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். கோவைக்காரர் தம்முடையது என்று சொல்லத் தயங்க, சென்னைக்காரர் பார்க்கவே முடியாமல் போக, இன்று அந்த கிளப்பை இந்திய லீக் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது. நாட்டின் சாம்பியனாகிவிட்டது, ஐயா. இதைவிட என்ன தரம் வேண்டும்? எங்கே அந்தக் கூட்டம்?

கேரளத்தைச் சொன்னால் உடனே, அவர்கள் கதை வேறு என்பீர்கள். வேறுதான். 2022இல் மஞ்சேரியில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் இறுதி ஆட்டம். அந்தப் போட்டியின் மவுசு போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் அதில் ஆடுவதில்லை. கேரளமும் வங்காளமும் மோதின. பய்யநாடு ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. வயலில் மூங்கில் கேலரி கட்டி, அணிக்கு ஏழே பேர் ஆடும் கால்பந்துக்கே இரவெல்லாம் உட்கார்ந்து பழகிய மாவட்டம் அது. அங்கே தரத்தைப் பற்றி யாரும் மனு போட்டதாகத் தெரியவில்லை.

கூட்டம் வந்தால் கிளப் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் டிக்கெட் விற்பவர்கள். ஆஹன் திவாலானபோதும் கூட்டம் இருந்தது, ரேஞ்சர்ஸுக்கும் இருந்தது. இங்கிலாந்தில் பெரி என்ற கிளப், எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது, 2019இல் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ரசிகர்கள் கையில் துடைப்பத்தோடு போய் ஸ்டேடியத்தைச் சுத்தம் செய்துகூடப் பார்த்தார்கள். முதலாளியின் கணக்கு வழக்கை எந்தத் துடைப்பத்தால் பெருக்குவது? ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அது திவாலைத் தடுக்கவில்லை. ஆனால் திவாலான மறுநாளும் அது நம்முடையது என்று உறுப்பினர் சொல்ல முடிந்தது. எஸ்ஸன் 2022இல் மேலே ஏறியது, ஆஹன் 2024இல்.

ஏற்காட்டில் சின்ன வயதில் நான் பார்த்த ஓர் ஆட்டத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. இரண்டு காப்பி எஸ்டேட் ஆட்களுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். பாதி ஆட்டத்தில் மூடுபனி இறங்கியது. கோல்கீப்பருக்குப் பந்து எங்கே என்று தெரியவில்லை. ஓரத்தில் நின்ற எங்களுக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஒருவர்கூட நகரவில்லை. வலது பக்கம், வலது பக்கம் என்று பார்க்காத பந்தைப் பற்றி யாரோ கத்த, எல்லோரும் சேர்ந்து கத்தினோம். கோல் விழுந்தது கைதட்டலில்தான் தெரிந்தது, அதுவும் எதிர்ப் பக்கத்துக் கைதட்டலில். ஆட்டத்தின் தரம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பார்க்கவே இல்லை.

உங்கள் லீக் ஆட்டத்துக்கு அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை ஒரு நண்பர் அனுப்பியிருந்தார். அதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். தலைமை தாங்குபவர் ஒருவர், முன்னிலை வகிப்பவர்கள் நால்வர், வாழ்த்துரை ஏழு பேர், பரிசு வழங்குபவர், நன்றியுரை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். எந்த அணியோடு எந்த அணி ஆடுகிறது, எத்தனை மணிக்கு, எந்த மைதானத்தில் என்று எங்குமே இல்லை. அந்த முப்பது பேரும் எப்படிக் கண்டுபிடித்து வந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தலைமை தாங்குபவர் எத்தனை மணிக்கு வந்தார், அதுவரை பையன்கள் வெயிலில் வரிசையில் நின்றார்களா என்பதையும் எழுதுங்கள்.

அடுத்த வருடம் குகைக்கு ஓர் அணி, அம்மாப்பேட்டைக்கு ஓர் அணி, செவ்வாய்ப்பேட்டைக்கு ஓர் அணி என்று பெயர் வைத்து, சட்டை நிறத்தை மாற்றாமல், மாதத்தில் ஒரே ஞாயிறு, ஒரே மணி என்று வைத்துப் பாருங்கள். நோட்டீஸை நானே அச்சடித்துத் தருகிறேன். வாழ்த்துரைக்கு இடம் கிடையாது. குகை தோற்றால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.