டோபார் மாட்டும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குடும்பக் காருக்கு டோபார், அதாவது ட்ரெய்லரை இழுக்கக் காரின் பின்னால் பொருத்தும், நுனியில் குண்டு உள்ள இரும்புச் சட்டம், மாட்டுவது பற்றியவை. கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காரின் மாடல், வருடம், எதை இழுக்கப் போகிறீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். இவை இல்லாமல் "எது நல்லது?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: ஏழு பேர் உட்காரும் கார் வைத்திருக்கிறேன். எந்த டோபார் வாங்கலாம்?

மேலே சொன்ன மூன்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. டோபாரைத் தேடுவதற்கு முன் காரைப் பாருங்கள். முன்கதவைத் திறந்தால் கதவுத் தூணிலோ, பானெட்டுக்கு உள்ளேயோ ஒரு பிளேட் இருக்கும். ஐரோப்பிய முறைப் பிளேட் என்றால் அதில் நான்கு எடைகள் வரிசையாக இருக்கும். முதலாவது, ஆட்களும் சாமானும் நிறைந்த காரின் உச்ச எடை. இரண்டாவது, காரும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. அடுத்த இரண்டும் முன், பின் ஆக்சில்கள் தாங்கும் எடை. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால், கார் நிறைந்திருக்கும்போது எவ்வளவு இழுக்கலாம் என்பது தெரியும். இரண்டாவது எண்ணே இல்லையென்றால் அந்தக் காரைத் தயாரித்தவர் அதை இழுவைக்கு அனுமதிக்கவில்லை என்று பொருள். டோபார் விற்பவர் என்ன சொன்னாலும் சரி, விஷயம் அங்கேயே முடிந்தது.

அப்புறம் காரின் கையேட்டைத் திறந்து இன்னும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிரேக் உள்ள ட்ரெய்லருக்கான எடை, பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கான எடை, நோஸ் வெயிட் (குண்டின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை). ஒரே மாடலில்கூட இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பொறுத்து இவை மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் கார் இழுக்கிறதே என்று எழுதாதீர்கள்.

கேள்வி: டோபாரில் 2000 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. கார் கையேட்டில் 1300 கிலோ. எதை எடுத்துக்கொள்வது?

1300. கார், டோபார், கப்ளிங் (குண்டின் மேல் பூட்டும் ட்ரெய்லரின் தலைப்பகுதி, கப்ளர் என்றும் சொல்வார்கள்), ட்ரெய்லரின் சேசிஸ் ஆகிய நான்கில் எதன் எண் சின்னதோ அதுதான் உங்கள் எண். பலமான டோபார் காரின் பலத்தைக் கூட்டாது.

கேள்வி: கார் முழுச் சுமையோடு 2000 கிலோ, கேரவன் (கார் இழுக்கும் வீட்டு வண்டி) 1500 கிலோ. டி-வேல்யூ 7.5 உள்ள டோபார் மலிவாகக் கிடைக்கிறது. போதுமா?

போதாது. டி-வேல்யூ என்பது டோபார் தாங்கக்கூடிய இழுவிசையின் அளவு. இரண்டு எடைகளையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 857 வரும். அதை 9.81-ஆல் பெருக்கினால் சுமார் 8400 நியூட்டன், அதாவது 8.4 கிலோநியூட்டன். டோபாரின் டி-வேல்யூ இதற்குக் கீழே இருக்கக் கூடாது. 9-க்குப் பக்கத்தில் உள்ளதை வாங்குங்கள். தேவையான விவரங்களோடு எழுதியிருந்தீர்கள், அதனால் பதிலும் சீக்கிரம் முடிந்தது.

கேள்வி: நிலையாக நிற்கும் வகை, கழற்றி மாட்டும் வகை, உள்ளே மடங்கும் வகை. இவற்றில் எது?

எத்தனை முறை இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாரா வாரம் படகோ ட்ரெய்லரோ பின்னால் வருகிறது என்றால் நிலையானதே சிறந்தது. அசையும் பாகம் எதுவும் இல்லை, விலையும் குறைவு. அதிலேயே ஃபிளாஞ்ச் வகை, அதாவது இரண்டு போல்ட்டில் குண்டை முடுக்கும் வகை, கரடுமுரடான வேலைக்கு ஏற்றது. குண்டு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் கேரவனில் ஸ்டெபிலைசர் கப்ளிங் (ஆட்டத்தைக் குறைக்கக் குண்டை இறுக்கிப் பிடிப்பது) இருந்தால் சாதாரண ஃபிளாஞ்ச் குண்டு இடிக்கும். கழுத்து நீண்ட குண்டோ, ஸ்வான் நெக்கோ (வளைந்த கழுத்தும் குண்டும் ஒரே துண்டாக உள்ளது) வேண்டும்.

வருடத்தில் சில விடுமுறைகளுக்கு மட்டும் என்றால் கழற்றி மாட்டுவது நல்லது. குண்டு நம்பர் பிளேட்டை மறைக்கிறது என்றாலும் இதுதான், ஏனென்றால் இழுக்காதபோது மறைத்துக்கொண்டு நிற்பதைப் பல நாடுகளில் சட்டம் அனுமதிப்பதில்லை. இதில் நான் அலுக்காமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. குண்டு உள்ள கழுத்தைச் செருகியதும் கைப்பிடிச் சக்கரத்தில் பச்சைக் குறி சரியான இடத்தில் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். பல வகைகளில் முழுவதும் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். சாவி வரவில்லை என்றால் பூட்டவில்லை. தட்டிச் சரிசெய்து கிளம்பாதீர்கள், கழற்றித் துடைத்து மறுபடி செருகுங்கள். கழற்றிய பிறகு குழியின் மூடியைப் போட மறந்தால் அடுத்த முறை மண்ணோடு சண்டை போட வேண்டிவரும். கழற்றிய கழுத்து நாலைந்து கிலோ இரும்பு, டிக்கியில் உருளவிடாமல் கட்டி வையுங்கள்.

உள்ளே மடங்கும் வகை வசதியானது, விலையும் எடையும் கூடுதல். கார் வாங்கும்போதே தொழிற்சாலையில் மாட்டி வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வகையானாலும் பிரேக்அவே கேபிளை (ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்க வைக்கும் கேபிள்) மாட்ட டோபாரில் தனி வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேபிளைக் குண்டின் கழுத்தில் சும்மா சுற்றிவிட்டால், ட்ரெய்லர் கழன்று விழும்போது கேபிளும் சேர்ந்து நழுவிவிடும். ட்ரெய்லரின் பிரேக் பிடிக்காது.

கேள்வி: ட்ரெய்லரே கிடையாது, சைக்கிள் கேரியர் மட்டும்தான். அதற்கும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டுமா? எங்களிடம் நாலு சைக்கிள், இரண்டு மின்சார சைக்கிள்.

உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். ட்ரெய்லரின் எடையில் பெரும்பகுதியை அதன் சக்கரங்கள் தாங்கும். கேரியரின் எடை முழுவதும் குண்டின் மேல். மின்சார சைக்கிள் ஒன்று 25 கிலோ, சாதாரணம் 15, கேரியர் 20 என்று வைத்தால் மொத்தம் 100 கிலோ. குடும்பக் கார்கள் பலவற்றில் நோஸ் வெயிட் 75 கிலோதான். பேட்டரிகளைக் கழற்றி உள்ளே வைத்தாலும் வரம்புக்குள் வராது. போதாததற்கு எடை குண்டுக்குப் பின்னால் தள்ளி நிற்பதால், ஒவ்வொரு பள்ளத்திலும் கழுத்தை முறுக்கும். அதனால்தான் கேரியர் தயாரிப்பாளர்கள் டோபாருக்குக் குறைந்தபட்ச டி-வேல்யூ கேட்கிறார்கள். கேரியரின் கையேட்டில் அது இருக்கும், படியுங்கள். மின்சார சைக்கிள்கள் இரண்டை மட்டும் பின்னால் ஏற்றுங்கள், மற்ற இரண்டுக்கும் கூரை.

கேள்வி: நண்பர் ஒருவர் காரின் பின்விளக்கு வயர்களிலிருந்தே இணைப்பு எடுத்து ட்ரெய்லர் விளக்கை எரிய வைத்துவிட்டார். நன்றாகத்தான் எரிகிறது. காருக்கென்று தனியாக வரும் வயரிங் கிட் தண்டச் செலவு என்கிறார். உண்மையா?

இந்த "நன்றாகத்தான் எரிகிறது" என்ற வார்த்தை எனக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

பழைய கார்களில் சுவிட்சிலிருந்து ஒரு வயர், கடைசியில் ஒரு பல்ப், அவ்வளவுதான். நடுவில் கிள்ளி எடுத்தால் பெரிய பாதகம் இல்லை. இன்றைய காரில் விளக்கை எரிய வைப்பது ஒரு கம்ப்யூட்டர். பல கார்களில் ஒரே விளக்குதான் மங்கலாக எரிந்தால் டெயில் லைட், பிரகாசமாக எரிந்தால் பிரேக் லைட். அந்த மங்கல் எப்படி வருகிறது? மின்சாரத்தை வினாடிக்குப் பலமுறை விட்டு விட்டு அனுப்பி. விளக்கு நன்றாக இருக்கிறதா என்று அதே வயரில் அவ்வப்போது சோதனையும் நடக்கும். அதில் ட்ரெய்லரின் விளக்குகளைத் தொங்கவிட்டால் எல்.இ.டி. துடிக்கும், டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும், அல்லது கம்ப்யூட்டர் அந்த இணைப்பையே துண்டித்துவிடும். மோசமான நாளில் அதன் உள்ளே இருக்கும் பாகம் எரிந்துபோகும். அதை மாற்ற ஆகும் செலவில் நாலைந்து வயரிங் கிட் வாங்கலாம்.

அந்த இணைப்பு பம்பருக்குள் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பிரித்துப் பார்த்தவை எல்லாம் ஒரே மாதிரிதான். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப், மேலே இன்சுலேஷன் டேப். டேப்பை உரித்தால் செம்பு பச்சையாகப் பூத்திருக்கும். கிளிப்பின் பல் பாதி இழைகளை அறுத்திருக்கும், மிச்ச இழைகளை ஈரம் தின்றிருக்கும். சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக வந்து சேரும் இடம் அது. மெதுவாக ஒரு பிரேக் லைட் போகும். ஓட்டுபவருக்கு அது தெரியாது. பின்னால் வருபவருக்குத் தெரியும்போது அவர் ரொம்ப நெருங்கியிருப்பார்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பின்னால் ஒன்று வருகிறது என்பதே அந்தக் காருக்குத் தெரியாது. ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் பிடித்து, இன்ஜினின் விசையைக் குறைத்து ஆட்டத்தை அடக்கும் வசதி இப்போது பல கார்களில் இருக்கிறது. அந்த வசதி வேலைசெய்ய ட்ரெய்லர் மாட்டியிருக்கிறது என்ற செய்தி முறையான மாடியூல் (ட்ரெய்லர் வயரிங்கைக் காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வழியாகக் காருக்குப் போக வேண்டும். ரிவர்ஸ் சென்சார் அலறாமல் இருப்பதும், காரின் பின்பக்க ஃபாக் லைட் அணைவதும் அதே செய்தியால்தான். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரு வசதியை, செலவை மிச்சப்படுத்துகிறேன் என்று நண்பர் முடக்கி வைத்திருக்கிறார்.

ஆகவே காருக்கென்று வரும் கிட்டை வாங்குங்கள். மாட்டிய பிறகு கோடிங் (டோபார் இருப்பதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்வது) தேவையா என்று கேட்டு, தேவையென்றால் அதையும் முடியுங்கள். கோடிங் செய்யாவிட்டால் விளக்கு எரியும், மற்றவை வேலை செய்யாமல் போகலாம். உங்கள் காருக்குக் கிட்டே வரவில்லை என்றால் பைபாஸ் ரிலே உள்ள பொது மாடியூல் வேண்டும். அது ட்ரெய்லர் விளக்குக்கான மின்சாரத்தை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக எடுத்துக்கொள்ளும், காரின் வயரிலிருந்து சமிக்ஞையை மட்டும்தான் வாங்கும். அதை மாட்டவும் இந்த வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் வேண்டும். நண்பர் வேண்டாம்.

கேள்வி: ட்ரெய்லர் வயரைச் செருகும் சாக்கெட் 7 பின்னா, 13 பின்னா?

13. ரிவர்ஸ் லைட்டும் கேரவனுக்கு நிலையான மின்சாரமும் அதில் உண்டு. பழைய ட்ரெய்லருக்கு அடாப்டர் போதும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், ஈரம் அதில்தான் முதலில் தங்கும்.

கேள்வி: குண்டு 2 அங்குலம், கப்ளர் 50 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றுதானே?

ஒன்றில்லை. 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். 50-க்கான கப்ளர் அதில் முழுதாக உட்காராமல் பூட்டியது போல் தோற்றம் காட்டும். இதைவிட ஆபத்து 1⅞ அங்குலக் குண்டு. அது 47.6 மில்லிமீட்டர்தான், 50-க்கான கப்ளர் சுலபமாக மாட்டும், முதல் மேட்டில் துள்ளிக் கழன்றுவிடும். குண்டின் தலையில் அளவு பொறித்திருக்கும். கப்ளரிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: குண்டுக்கு கிரீஸ் தடவலாமா?

சாதாரணக் கப்ளிங் என்றால் கொஞ்சம் தடவலாம். ஸ்டெபிலைசர் என்றால் கூடவே கூடாது. அது உராய்வால் வேலை செய்வது, கிரீஸ் பட்டால் அதன் பட்டைகள் பாழ்.

கேள்வி: பார்க்கிங்கில் பின்னால் வந்து யாராவது இடித்தால் பம்பரைக் காப்பாற்றும் என்று டோபார் மாட்டலாம் என்கிறார்கள். இழுக்கும் எண்ணம் இல்லை.

மாட்டாதீர்கள். நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளத்தான் காரின் பின்பகுதியை வடிவமைத்திருக்கிறார்கள். குண்டின் மேல் விழும் அடி அதைத் தாண்டி நேராக சேசிஸுக்குப் போகும். பம்பரில் கீறல் இருக்காது, உள்ளே சட்டம் வளைந்திருக்கும். நடந்துபோகிறவர்களின் முழங்காலும் அதில்தான் இடிக்கும்.

கேள்வி: நோஸ் வெயிட்டை எப்படி அளப்பது? எவ்வளவு இருக்க வேண்டும்?

சமதரையில், சாமான் ஏற்றிய ட்ரெய்லரின் கப்ளிங்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதற்குக் கீழே குளியலறை எடைமெஷினை வையுங்கள். காரில் மாட்டும்போது குண்டு எந்த உயரத்தில் நிற்குமோ, மெஷினும் கட்டையும் சேர்ந்து அந்த உயரம் வரும்படி கட்டையை அறுத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க மறக்காதீர்கள். ஐரோப்பிய வழக்கத்தில் ட்ரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம், அமெரிக்காவில் 10 முதல் 15. குறைந்தால் வால் ஆடும், கூடினால் காரின் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் போகும். கனமான சாமான் ஆக்சிலுக்கு மேலேயே இருக்கட்டும். இங்கேயும் காருக்கு ஒரு வரம்பு, டோபாருக்கு ஒரு வரம்பு உண்டு. சின்னதுதான் உங்களுடையது.

கேள்வி: கையேட்டில் 1500 கிலோ என்றிருக்கிறது. மலைப்பாதையிலும் அவ்வளவு இழுக்கலாமா?

ஐரோப்பிய விதியின்படி அந்த எண் 12 சதவீதச் சரிவில் 5 நிமிடத்துக்குள் 5 முறை நின்று கிளம்புவதைச் சோதித்து வருவது. உயரத்தில் காற்று அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜினில் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சக்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போகும். மலைக்குப் போவதாக இருந்தால் 1500-ஐத் தொடாதீர்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸ் ஆயில் சூடாவதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: மின்சாரக் காரில் மாட்டலாமா?

தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும். சில மாடல்களுக்கு சைக்கிள் கேரியருக்கு மட்டும்தான் அனுமதி. கேரவன் இழுத்தால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியாகும் என்று வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன், டோபாரோடு வந்தது. அப்படியே பயன்படுத்தலாமா?

முதலில் டோபாரில் தயாரிப்பாளரின் பிளேட் இருக்கிறதா பாருங்கள். டி-வேல்யூ, நோஸ் வெயிட், அங்கீகார எண் மூன்றும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பிளேட் இல்லாதது, பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்தது என்றால் கழற்றிப் போடுங்கள். அடுத்து குண்டின் விட்டத்தை காலிப்பரில் அளங்கள். 50 மில்லிமீட்டர் குண்டு ஏதாவது ஒரு பக்கத்தில் 49-க்கு வந்துவிட்டாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது. போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கச் சொல்லுங்கள், 1000 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை. கடைசியாக, பம்பருக்குள் தலையைவிட்டு வயரிங்கைப் பாருங்கள். அங்கே டேப் சுற்றிய கிளிப் தென்பட்டால், மேலே நான் நீளமாக எழுதியது உங்களுக்கும்தான்.